பெரியப்பன் வெளிச்சம்

கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருக்கிற பச்சைப் பிள்ளைக்கு யாருடைய முகத்தைக் காட்ட இந்தப் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள்? எஸ்தருக்கு அன்று காலையிலிருந்து இதே கேள்விதான். வாய்விட்டுக் கேட்டும் பார்த்துவிட்டாள். டாக்டர் செல்போனைப் பார்த்தார். ஆஸ்பத்திரித் தலைவியான மதர், சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார். புருஷன் அருண் ஜோசப் தன் செருப்பைப் பார்த்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் அவள் வயிற்றெரிச்சல் புரியும்.

எஸ்தருக்குத் தலைப்பிள்ளை, ஆண். பிறந்த மறுநாளே முகத்தில் மஞ்சள் தட்டிவிட்டது. தாய்க்கு ஓ குரூப் ரத்தம், பிள்ளைக்கு பி குரூப். இரண்டும் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளையின் ரத்தம் உடைந்து மஞ்சள் ஏறுகிறது, நீல வெளிச்சத்தில் வைத்தால் இறங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் விஜயபாண்டி சொன்னார். சட்டை துணியெல்லாம் கழற்றி, இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிப் பிள்ளையை மெஷினுக்குக் கீழே கிடத்தினார்கள். பால் கொடுக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேதான். மெஷினின் தலை பிள்ளைக்கு மேலே குடை மாதிரிக் கவிந்திருக்கும். வெளிச்சம் வருகிற அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு வாலிபனின் படம் ஒட்டியிருந்தது. மாம்பழ நிறச் சட்டை, முறுக்கிவிட்ட மீசை, தலைக்குப் பின்னால் மஞ்சளாகச் சூரியன் உதிக்கிறது. கீழே தடித்த எழுத்தில், 'அமரர் ஜான் பீட்டர் நினைவாக, சூசைமுத்து குடும்பத்தார், ஓடைப்பட்டி' என்றிருந்தது.

ஜான் பீட்டர் அருண் ஜோசப்பின் அண்ணன். எஸ்தர் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்பே சின்னமனூர் சாலையில் லாரியில் மோதி, பைக்கோடு போய்விட்டான். பெற்றவள் அந்த ஏக்கத்திலேயே படுத்துப் போய்ச்சேர்ந்தாள். தகப்பன் சூசைமுத்துவுக்குப் பந்தல் பந்தலாகத் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆனாலும் மகன் போனதிலிருந்து மனிதர் பாதி ஆளாகிப்போனார். அவன் பேரில் ஏதாவது செய்யவேண்டும் என்று தவித்தார். கம்பம் போகிற சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், பச்சைப் பிள்ளைகளுக்கு மஞ்சள் வந்தால் வைக்க வெளிச்ச மெஷின் இல்லை என்று கேள்விப்பட்டு, ஒசத்தியான மெஷினாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது?

கெட்டது அதற்கப்புறம்தான் நடந்தது. ஒரு பொருளை வாங்கிக் கொடுத்தால் அதில் பேர் போடாமல் விட நம் பக்கத்து ஆள்களுக்கு மனசு வராது. பெஞ்சு கொடுத்தால் முதுகில் பேர், ஃபேன் கொடுத்தால் இறக்கையில் பேர். டியூப்லைட் கொடுத்தாலோ டியூப்லைட்டின் மேலேயே நீளத்துக்கும் உபயம் எழுதி, கொடுத்த வெளிச்சத்தில் பாதியைத் தன் பேராலேயே மறைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அம்மன் கோயிலிலும் அப்படித்தான், மாதா கோயிலிலும் அப்படித்தான். சூசைமுத்துவும் அதையே செய்தார். மெஷினின் பக்கவாட்டில் ஒட்ட இடமா இல்லை? வெளிச்சத்தின் மேல் ஒட்டினால்தான் மகன் முகம் ஜொலிக்கும் என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரன் யோசனை சொன்னானாம். திறப்பு விழாவன்று மெஷினின் தலையைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி ஸ்விட்சைப் போட்டார்கள். ஜான் பீட்டர் கருநீலமாக ஒளிர்ந்தான். சூசைமுத்து தேம்பித் தேம்பி அழுதார், மதரும் கூடச் சேர்ந்து அழுதார், சாமியார் தீர்த்தம் தெளித்தார். அன்றைக்கு ஒட்டியதுதான், ஒன்றரை வருஷமாக அப்படியே இருக்கிறது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பதுதான் முறை. எஸ்தர் கூடலூர்க்காரி; அவள் அம்மா இன்னாசியம்மாள் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் பழமெடுத்துச் சேர்த்த காசில் கம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருந்தாள். சூசைமுத்து ஒரே வார்த்தையில் அதை மாற்றிவிட்டார்.

"எம் பேரன் அவன் பெரியப்பன் வெளிச்சம் இருக்கற எடத்துலதான் பொறக்கணும். நீங்க ஒண்ணும் செலவழிக்க வேணாம் சம்மந்தி, தொணைக்கு மட்டும் வாங்க."

பிள்ளைக்கு மஞ்சள் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும். வந்தபோது மனிதருக்குக் கவலையைவிட ஒரு நிறைவுதான் முகத்தில் தெரிந்தது. பெரியப்பனும் மகனும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ள ஆண்டவர் வழி பண்ணிவிட்டார் என்று வார்டு முழுக்கச் சொன்னார்.

ஆனால் அந்த நேரத்தில் மெஷினில் வேறொரு பிள்ளை கிடந்தது. திராட்சை வெட்டுக்காக வருசநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த சுருளி, திரிஷா என்ற சின்னஞ்சிறு ஜோடியின் பெண்குழந்தை. மெஷின் இருப்பது ஒன்று. மதர் வந்து, "தேனி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றோம்மா, அங்கன இன்னும் வசதியா இருக்கும்" என்று தேன் மாதிரி சொன்னார். திரிஷா பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆம்புலன்சுக்கு நடந்தாள். எஸ்தருக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் தன் பிள்ளைக்கு இடம் கிடைத்ததே என்று அன்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் அளவு பதினைந்து இருந்தது பதினேழு ஆயிற்று. பதினேழு பதினெட்டரை ஆயிற்று. வெளிச்சத்தில் வைத்தால் இறங்கவேண்டியது ஏன் ஏறுகிறது என்று கேட்டால், "சில பிள்ளைகளுக்கு அப்படித்தாம்மா, மெதுவாத்தான் எறங்கும், நல்லா பால் கொடுங்க" என்றார்கள். எஸ்தர் தையல் போட்ட உடம்போடு மணிக்கு மணி எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளை உறிஞ்சுவதே குறைந்துகொண்டு வந்தது. வாயில் வைத்தால் அப்படியே தூங்கிப்போயிற்று.

அப்போதுதான் திரிஷா போன் பண்ணினாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது நம்பர் வாங்கி வைத்திருந்தவள்.

"அக்கா, எங்க பாப்பாவுக்கு நல்லா எறங்கிருச்சுக்கா. நாளைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக. ஒங்க தம்பிக்கு எப்படி இருக்கு?"

"ஏறிக்கிட்டேதான் இருக்கு திரிஷா."

"ஏறுதா? இங்கன ஒரே நாள்ல எறங்குச்சேக்கா. இங்கன லைட்டு பளீர்னு அடிக்குது, பக்கத்துல நின்னாக் கண்ணு கூசுது. அங்கன அப்படி இல்லையே. பாப்பா கெடந்தப்ப நான் பாத்துக்கிட்டே இருப்பேன், கண்ணே கூசாது."

எஸ்தர் போனை வைத்துவிட்டு எழுந்துபோய் மெஷினுக்குக் கீழே தன் கையை நீட்டினாள். ஓரத்தில் நீட்டினால் கை நீலமாகப் பளிச்சென்று தெரிந்தது. நடுவில், பிள்ளையின் நெஞ்சும் வயிறும் கிடக்கிற இடத்துக்கு நேரே நீட்டினால், வெளிச்சம் செத்துப்போய்ச் சேற்று நிறத்தில் விழுந்தது. ஜான் பீட்டரின் மாம்பழ நிறச் சட்டையும் உதயசூரியனும் நீலத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டன. அவள் கையை ஓரத்துக்கும் நடுவுக்குமாக மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

நர்ஸ் மெர்லின் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெர்லின், இந்த ஸ்டிக்கராலதான?"

மெர்லின் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "மெஷின் வச்ச அன்னைக்கே டாக்டர் சொன்னாருக்கா. அதக் கேட்டு, குடுத்தவுககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எடுத்துருவோம்னு மதர் சொன்னாக."

"அப்புறம்?"

"சொல்லத்தான் யாரும் போகல."

"ஒன்றர வருசமாவா?"

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். எஸ்தருக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பளாரென்று அறைந்துவிடலாமா என்றிருந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் இதன் கீழே கிடந்திருக்கும்? தோட்ட வேலைக்காரர்கள் பிள்ளை, ஜீப் டிரைவர் பிள்ளை, மாடு மேய்க்கிறவர் பிள்ளை. இறங்கவில்லையென்றால் தேனிக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது கொடுத்தவர் வீட்டுப் பிள்ளையே வந்து கிடக்கிறது. அப்போதும் இவர்களுக்கு வாய் வரவில்லையென்றால் இவர்கள் என்ன மனிதர்கள்?

டாக்டர் வந்ததும் நேராகவே கேட்டாள். "எடுத்துட்டா நல்லதுதாம்மா. ஆனா அது மேனேஜ்மெண்ட் விஷயம், நான் வெளியிலேர்ந்து வந்து பாத்துட்டுப் போறவன், மதர்கிட்ட பேசுங்க" என்றார். மதரிடம் போனாள். "உங்க மாமனார் கொடுத்தது. குடும்பத்துக்குள்ள நீங்களே பக்குவமாப் பேசிக்கோங்களேன் மகளே. எக்ஸ்ரே ரூம் கட்டித் தர்றேன்னு வேற சொல்லியிருக்காக" என்றார். அருண் ஜோசப்பிடம் சொன்னாள்.

"அப்பாகிட்ட அதச் சொல்ல முடியுமா எஸ்தர்? தெனமும் காலைல வந்து அண்ணன் மூஞ்சியத் தொட்டுக் கும்புட்டுத்தான் பச்சத்தண்ணி குடிக்கிறாரு. அதப் பிக்கச் சொன்னா மனுசன் தாங்குவாரா?"

"ஒங்க பிள்ள தாங்குமாங்க?"

அவனுக்குக் கண் கலங்கியது. சரி, தேனிக்காவது கொண்டுபோவோம் என்றாள். அதற்கும் தகப்பனுக்குப் போன் பண்ணிக் கேட்டான். போனைக் காதில் வைக்காமலே எஸ்தருக்கு அந்தப் பக்கக் குரல் கேட்டது. "ஊருக்கே மெசினு வாங்கிக் குடுத்துட்டு எம் பேரன கெவுருமெண்டு ஆஸ்பத்திரில கொண்டு கெடத்துறதா? நாலு பேரு கைகொட்டிச் சிரிப்பான்டா. நாளைக்கு நான் வர்றேன், பொறுங்க."

இன்னாசியம்மாள் மகளின் தோளைத் தொட்டு, "பச்ச ஒடம்புக்காரி, கத்தாத ஆத்தா. சம்மந்தக்காரவுக மனசு கோணிரக் கூடாது. நாளைக்கு நீ அந்த வீட்லதான வாழணும்" என்றாள். எல்லாருக்கும் ஒரு மனசு கோணக்கூடாது. அதற்காக மஞ்சள் ஏறி ஒரு பச்சைப் பிள்ளையின் மூளை கோணினால் பரவாயில்லை. எஸ்தர் பிள்ளையை மெஷினின் ஓரத்தில், வெளிச்சம் விழுகிற பக்கமாக நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தாள். கால் வெளிச்சத்துக்கு வந்தால் நெஞ்சு நிழலுக்குப் போயிற்று.

மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள். ஏறக்குறைய இருபது. இருபதைத் தாண்டினால் உடம்பு ரத்தத்தையே மாற்றவேண்டி வரும், மஞ்சள் மூளைக்குள் போய்விட்டால் பிறகு ஒன்றும் செய்யமுடியாது என்று டாக்டர் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுக் கம்பத்துக்குக் காரேறிவிட்டார்.

சூசைமுத்து வந்தார். வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மெஷினிடம் போய்க் குனிந்து, அடிப்பக்கத்தில் இருந்த மகன் கன்னத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "ஒந் தம்பி மகனப் பாத்துக்கடா" என்றார். அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் கரையும். எஸ்தரும் கல் இல்லை. அந்த மனிதரின் துக்கத்தைப் பார்த்துப் பலநாள் ரகசியமாக அழுதவள்தான். ஆனால் இன்றைக்கு அவளிடம் அழுகை இல்லை.

"நம்பர் ஏறுது ஏறுதுங்கறாக. பாரு, பிள்ள நல்லாத்தான இருக்கான். மஞ்ச எங்க இருக்கு?" என்றார் சூசைமுத்து.

"மெர்லின், லைட்ட அமத்து" என்றாள் எஸ்தர்.

மெர்லின் அணைத்தாள். நீல வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. அது போனதும் ஜன்னல் வெயிலில் பிள்ளை நிஜ நிறத்தில் கிடந்தது. நெற்றி மஞ்சள், நெஞ்சு மஞ்சள், தொப்புளுக்குக் கீழே மஞ்சள். எஸ்தர் பிள்ளையின் ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலை மாமனார் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அதுவும் மஞ்சள்.

"பாத்துக்கங்க மாமா. ஒங்க பேரன் இப்படித்தான் இருக்கான்."

சூசைமுத்து பார்த்தார், பார்த்ததை உள்ளே போகவிடாமல் தலையை ஆட்டிக்கொண்டார். "இன்னும் ரெண்டு நாளு வச்சா எறங்கிரும். அவன் பெரியப்பன் விட்டுற மாட்டான்."

"வெளிச்சம் பிள்ள மேல விழலைங்க மாமா. இந்தப் படம் மறைக்குது. டாக்டருக்குத் தெரியும், மதருக்குத் தெரியும், இந்தா நிக்கிற ஒங்க மகனுக்கும் தெரியும். ஒங்ககிட்டச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் தெம்பில்ல. நான் சொல்றேன். இது இருக்கக் கூடாது."

"ஏத்தா, என்ன பேசுற? அது எம் மகன்."

எஸ்தர் மெஷினின் தலையைத் தன் பக்கமாகத் திருப்பி, ஸ்டிக்கரின் மூலையில் நகத்தைக் கொடுத்தாள். பசை இறுகியிருந்தது. நகம் மடங்கியது. அடுத்த நகத்தைக் கொடுத்தாள்.

"எஸ்தரு, அதுல நகத்த வைக்காத. அது எம் மகன் மூஞ்சி."

"தெரியும் மாமா. இது ஒங்க மகன் மூஞ்சி. கீழ கெடக்கறது எம் மகன் மூள."

முதலில் சட்டை உரிந்து வந்தது, பிறகு தோள், பிறகு காதும் பாதிக் கன்னமும். நாராக நாராகத்தான் வந்தது. ஒவ்வொரு நாருக்கும் சூசைமுத்துவின் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தடுக்கவேண்டும் என்று ஓரடி முன்னால் வந்தவரை யாரும் எதிர்பாராத ஆள் மறித்து நின்றாள். இன்னாசியம்மாள்தான். "சம்மந்தி, அவள விடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றாள், இம்மியும் நகரவில்லை. மெர்லின் ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எஸ்தருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எம் மகன ரெண்டாந்தடவ சாகடிச்சிட்டேல்ல" என்றார் சூசைமுத்து. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். அருண் ஜோசப் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

அந்தச் சொல் எஸ்தரைச் சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தாள். பசை போகும்வரை, ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் துடைத்தாள். மெர்லின் ஸ்விட்சைப் போட்டதும் வெளிச்சம் அடித்த அடியில் எஸ்தர் கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஆண்டவரே, இவ்வளவு வெளிச்சமா இத்தனை நாளும் உள்ளேயே இருந்தது? அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையிலும் பாதிக்குமேல் கோபம்தான்.

சாயங்காலம் எடுத்த ரத்தத்தில் ஏற்றம் நின்றிருந்தது. அடுத்த நாள் பதினேழு. அதற்கடுத்த நாள் பதின்மூன்று. பிள்ளை பசிக்கு வீரிட்டு அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்டு இன்னாசியம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று எஸ்தர் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார். சலவை வேட்டி சட்டை, கையில் லட்டுப் பெட்டி, பின்னால் மதர். வார்டில் ஒரு கட்டில் விடாமல் லட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"எம் பேரன் பொழச்சிட்டான். அவன் பெரியப்பன் வெளிச்சம் காப்பாத்திருச்சு. ஞாயித்துக்கிழம நன்றிப் பூசை வச்சிருக்கேன், எல்லாரும் வந்துருங்க."

எஸ்தருக்குக் காது அடைத்தது. தன் காதில் விழுந்தது சரிதானா என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சூசைமுத்து லட்டுப் பெட்டியை வைத்துவிட்டு, கக்கத்தில் இடுக்கியிருந்த சுருளை எடுத்துப் பிரித்தார். அதே மாம்பழ நிறச் சட்டை, அதே மீசை, அதே சூரியன். முன்பு ஓரத்திலாவது வெளிச்சம் வந்தது. இது கண்ணாடி முழுவதையும் மூடுகிற அளவுக்கு இருந்தது. மெஷினுக்குக் கீழே அந்நேரம் வேறொரு பிள்ளை, யாரோ கூலிக்காரர்களின் பிள்ளை, கண்ணைக் கட்டிக் கிடந்தது. அதன் தாய் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"நான் படத்தப் பிச்சதுக்கப்புறம்தான் எறங்குச்சுன்னு ஏன் மாமா சொல்ல மாட்டேங்குறீக? அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள் எஸ்தர்.

"பச்ச ஒடம்புல ஏதோ பதட்டத்துல செஞ்சிட்டன்னு நான் மன்னிச்சிட்டேன். திரும்ப அந்தப் பேச்ச எடுக்காத" என்றார் சூசைமுத்து.

மன்னித்துவிட்டாராம். எஸ்தர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். "ஒட்டுங்க பாப்போம்" என்றாள்.

மதர் சிரித்து மழுப்பினார். "வீட்டுக்குக் கெளம்புற நேரத்துல என்ன மகளே இது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே. மெர்லின், நீ அந்தப் பக்கமா வந்து ஒரு முனையப் பிடி. சுருக்கம் விழாம ஒட்டணும்."

மெர்லின் நகரவில்லை.

"மெர்லின்."

"மாட்டேன் மதர்" என்றாள் மெர்லின். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்கவேண்டும்; சூசைமுத்துவைப் பார்த்துப் பேசினாள். "ஐயா, போன பங்குனில ஒரு பையன் இதுல கெடந்தான். காலனிக்காரவுக பிள்ள. அந்தம்மா களையெடுக்கப் போறவுக. நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போச்சு. கடைசில தேனிக்கு அனுப்புனோம், உசுரு பொழச்சிருச்சு. போன மாசம் தடுப்பூசிக்குத் தூக்கிட்டு வந்தாக. பின்னால நின்னு தட்டு தட்டிப் பாத்தேன், திரும்பல. காது கேக்கல ஐயா, மஞ்ச மூளைக்கு ஏறுனா காதத்தான் மொதல்ல அடிக்கும். வெளிச்சம் பத்தாமத்தான் இப்படின்னு யாரும் எழுதித் தர மாட்டாக. ஆனா எனக்குத் தெரியும். மதருக்கும் தெரியும்."

மதரின் கை ஜெபமாலையைத் தேடியது. சூசைமுத்து இருபுறமும் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் படத்தை விரித்துக்கொண்டு நிற்கிற மனிதருக்கு ஏதாவது சொல்லியாகவேண்டும்.

"நம்மளால ஆனதச் செய்வோம். காதுக்கு மிசினு வாங்கிக் குடுப்போம். எந்தப் பிள்ள அது, பேரென்ன சொல்லு."

"அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது ஐயா" என்றாள் மெர்லின். "மெஷின்ல இருந்த மொகத்தையும் தலைக்குப் பின்னால இருந்த சூரியனையும் பாத்துட்டு யாரோ புனிதர்னு நெனச்சிட்டாக. பிள்ள பக்கத்துல முட்டிபோட்டுத் தெனமும் அந்த மொகத்தத்தான் கும்புட்டாக. இந்தச் சாமி பேரு என்னன்னு எங்கிட்டத்தான் கேட்டாக. பிள்ளைக்கும் அந்தப் பேரையே வச்சிட்டாக. ஜான் பீட்டர்."

சூசைமுத்துவின் கையிலிருந்த படம் தானாகவே சுருண்டுகொண்டது. அதை மறுபடி பிரிக்க அவர் கை போகவில்லை. அப்படியே அந்தக் கூலிக்காரப் பெண்ணின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அருண் ஜோசப் முதல்முறையாகத் தகப்பனை விட்டுவிட்டு எஸ்தர் பக்கம் வந்து நின்று பையை எடுத்துக்கொண்டான்.

"எந்தக் காலனி மெர்லின்?" என்று கேட்டாள் எஸ்தர்.

"ஓடைப்பட்டிக்குத் திரும்புற முக்குல இருக்குல்லக்கா, அந்தக் காலனிதான்."

எஸ்தர் மாமனாருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றாள்.

"போற வழிதான் மாமா. எந்திரிங்க, எறங்கிப் பாத்துட்டே போவோம். பின்னால நின்னு நீங்களே ஒருக்கா அந்தப் பிள்ளையப் பேரச் சொல்லிக் கூப்புட்டுப் பாருங்க."